கன்னத்துப் பொட்டை அழிக்காதீர்கள்

கேள்வி: கோட்டூர்புரத்தில் நாற்பது வருடமாகத் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதால் இன்னும் சில வாரங்களில் காலி செய்ய வேண்டும். சாமான்களை ஒழிக்கும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பை நிறையப் பழைய போட்டோக்கள் கிடைத்தன. பெரும்பாலும் குழந்தைகள் படம். நாங்கள், எங்கள் சித்தி பெரியம்மா பிள்ளைகள், அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோ முழுகியபோது நனைந்த ஓர் ஆல்பம் அப்படியே கட்டியாக ஒட்டிக் கிடக்கிறது.

என் குழப்பம் ஒரு படத்தைப் பற்றி. மேஜைமேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. ஒரு வயது இருக்காது. கண்ணாடி போட்ட ஃப்ரேம். கண்ணாடியின் மேற்பக்கம் ஏதோ செம்மண் நிறக் கறை. 86 வயதாகும் என் அம்மா ஒருநாள் “இது உன் குப்பு பெரியம்மா” என்கிறார். மறுநாள் “நாங்கள்லாம் பிறக்கறதுக்கு முன்னாடியே தவறிப்போன குழந்தை” என்கிறார். பெரியம்மா இப்போது இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சித்தி இருக்கிறார். வெளிநாட்டிலிருக்கும் என் மகன் ஒரு செயலியில் போட்டு அந்தப் படத்துக்குக் கலர் கொடுத்து, கன்னத்திலிருந்த கறையையும் ஓரத்தில் தெரிந்த விரல்களையும் எடுத்துவிட்டு, குழந்தை சிரிப்பதுபோல் வீடியோவாக அனுப்பினான். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா, “ஆமாம், அது இப்படித்தான் சிரிக்கும்” என்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மற்ற படங்களை லேமினேஷன் செய்துவிடலாம் என்று கடையில் கொடுத்திருக்கிறேன். நான் செய்வது சரியா?

வாசகி, கோட்டூர்புரம், சென்னை

பதில்: கடையில் கொடுத்த படங்களை இன்றைக்கே திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் சரி, போட்டோவுக்குக் கூடாது. சூட்டையும் பசையையும் சேர்த்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கை ஒட்டுகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். உருவம் அதற்குள் இருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. ஜெலட்டினில் பசை ஏறிவிட்டால் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. உள்ளே ஈரமோ பூசணமோ இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவைத்தது போலாகிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் வெள்ளத்துக்கும் செல்லுக்கும் தப்பித்த எத்தனையோ படங்கள், பத்திரப்படுத்துகிறோம் என்ற நல்ல எண்ணத்திலேயே இப்படிப் போயிருக்கின்றன.

இனி அந்தக் குழந்தை. உங்கள் மகன் பாசத்தோடுதான் செய்திருக்கிறார். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் அழித்த இரண்டையும் மூலப்படத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கன்னத்தில் இருந்தது கறைதானா? பூசணக் கறை என்றால் அது படத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், முகம், துணி, பின்திரை என்று எல்லை பார்க்காமல் பரவியிருக்கும், விளிம்பு பிசிறடிக்கும். திருஷ்டிப் பொட்டு அப்படியல்ல. கன்னத்தின் வளைவோடு சேர்ந்து வளைந்திருக்கும், வெளிச்சம் படும் பக்கம் சற்றே மினுங்கும். நெற்றியிலும் உள்ளங்காலிலும் அதே மையில் இன்னொரு பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் ‘டச்சிங்’ செய்து முகத்தின் மேடுபள்ளங்களைச் சரிசெய்வார்கள். அப்படிச் செய்தவரே கைவைக்காமல் விட்ட பொட்டு அது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் யாரோ ஒரு பெண் மையைத் தொட்டு அந்தக் கன்னத்தில் வைத்திருக்கிறாள்.

அந்த விரல்கள் அதைவிட முக்கியம். உட்காரத் தெரியாத குழந்தையை மேஜைமேல் வைத்து எடுக்கும்போது, அம்மாவோ பாட்டியோ சட்டத்துக்கு வெளியே நின்று ஒரு கையால் பிடித்துக்கொள்வார்கள். அன்றைய ஸ்டூடியோ கேமராவில் குழந்தை அசைந்தால் படம் கலங்கிப்போகும். பிடித்திருக்கும் கையில் வளையல் தெரிகிறதா, மோதிரம் தெரிகிறதா? ‘போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும்’ என்று நம்பிப் பெண்கள் கேமரா முன் நிற்காத வீடுகள் அப்போது ஏராளம். உங்கள் பாட்டியின் இளவயதுப் படம் வேறெதுவும் உங்களிடம் இல்லையென்றால், அந்த விரல்கள்தான் அது. அதைத்தான் செயலி தேவையில்லாத பொருள் என்று நீக்கியிருக்கிறது.

அம்மா “இப்படித்தான் சிரிக்கும்” என்று சொல்வதைக் கேட்டு உங்களுக்கு வயிற்றைப் பிசைவது நியாயம். அது முதுமையின் தடுமாற்றம் மட்டும் அல்ல. 2002-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த கிம்பர்லி வேடும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். இருபது பேரிடம் அவரவர் சிறுவயதுப் படங்களைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று மட்டும் பொய்: குழந்தை பலூன் கூண்டில் ஏறி வானத்தில் போவதுபோல் வெட்டி ஒட்டியது. இரண்டொரு வாரத்தில் மூன்று முறை பேசியபின், பாதிப் பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ அரைகுறையாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. அவர்கள் நல்ல நினைவாற்றல் உள்ள பெரியவர்கள். போட்டோ என்றால் சாட்சி என்று மனசு நம்பிவிடுகிறது. அசையும் போட்டோவுக்கு அந்த வலு இன்னும் அதிகம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே அந்த வீடியோவை அம்மாவுக்கு மறுபடி காட்ட வேண்டாம். “நீ பிறக்கவே இல்லையே, உனக்கெப்படித் தெரியும்” என்று திருத்தவும் வேண்டாம். அதில் யாருக்கும் லாபமில்லை. மூலப்படத்தைப் பெரிதாக ஒரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுங்கள். மகன் அனுப்பிய கோப்பின் பெயரிலேயே ‘மாற்றப்பட்டது’ என்று சேர்த்துவையுங்கள். இல்லையேல் இன்னும் முப்பது வருடத்தில் அதுதான் அசல் என்று உங்கள் பேரப்பிள்ளைகள் நம்புவார்கள்.

சரி, யார் அந்தக் குழந்தை? உங்கள் கடிதத்திலேயே இரண்டு துப்பு இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை.

ஒன்று, பெரியம்மாவின் பெயர். குப்பு. பிறந்த குழந்தை தங்காத வீட்டில் அடுத்ததாகப் பிறப்பதைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று கூப்பிடுவார்கள். யாசகமாகப் பெற்றதுபோல் பாவித்துப் பிச்சை என்றும் பெயர் வைப்பார்கள். இது வேண்டாத குழந்தை, விட்டுவிடு என்று எமனுக்குச் சொல்வது. குலதெய்வத்தின் பெயராகவோ பாட்டி பெயராகவோ இருந்தால் விஷயம் வேறு. அப்படி இல்லையென்றால், உங்கள் பெரியம்மாவுக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து தவறியது என்று அம்மா சொல்வது பெரும்பாலும் உண்மை.

இரண்டு, கண்ணாடியின் கறை. தயவுசெய்து துடைத்துவிடாதீர்கள். சாமி படத்தை விட்டால், இறந்தவர் படத்துக்கு மட்டும்தான் நம் வீடுகளில் சந்தனமும் குங்குமமும் வைப்பது. கறை நெற்றிக்கு நேராக, விரல்நுனி அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால், வருஷா வருஷம் யாரோ அந்தக் குழந்தைக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஃப்ரேமின் மேல்கட்டையில் மாலை போட ஆணி அடித்த துவாரம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சாமி படத்துக்குப் போட்ட ஃப்ரேமை எடுத்து இதற்குப் போட்டிருக்கவும் கூடும். கறை படத்தில் உள்ள முகத்தோடு பொருந்துகிறதா என்பதுதான் சோதனை.

பெரியம்மாவா, தவறிய குழந்தையா என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். பையனுக்கும் பாவாடை கட்டி, ஜடை பின்னி, பூ வைத்துப் படம் எடுப்பது நம் ஊர் வழக்கம். துணியை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்தால் ஒரு மாமாவைத் தொலைத்துவிடுவோம். இடுப்பில் அரைஞாண் மட்டும்தானா, அரைமூடியும் இருக்கிறதா? அரைமூடி என்றால் பெண் குழந்தை. அடுத்து, பழைய ஜாதக நோட்டைத் தேடுங்கள். தங்காத குழந்தைக்கும் பிறந்த நேரம் குறித்திருப்பார்கள். சில வீடுகளில் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே எழுதிவைப்பது உண்டு.

படம் ஒட்டியிருக்கும் அட்டையில் ஸ்டூடியோ பெயர் புடைப்பெழுத்தில் இருக்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கருப்பான இடங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தென்பட்டால் அதை அழுக்கென்று துடைக்காதீர்கள். படத்துக்குள் இருக்கும் வெள்ளிதான் வயதாக ஆக மேற்பரப்புக்கு வந்து அப்படி மின்னுகிறது. ஸ்டூடியோ பெயர் கிடைத்தாலும் அங்கே போய் நெகட்டிவ் கேட்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கடை மூடும்போது நெகட்டிவ் பெட்டிகளும் குப்பைக்குப் போய்விடுகின்றன. இந்த இழப்பை உணர்ந்து, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஜோயி ஹெட்லி என்ற மானுடவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழிந்துவரும் ஆவணங்கள்’ திட்டத்தின் உதவியோடு தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தார்கள். அந்தத் தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தின் வழியாகப் பார்க்கக் கிடைக்கிறது. உங்கள் படத்திலிருக்கும் மேஜை, திரை, நாற்காலி போன்றவற்றை அதோடு ஒப்பிட்டால் காலம் ஓரளவு பிடிபடும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆவணம் உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் யாருக்கும் தன்னுடைய முதல் மூன்று வயது நினைவிருப்பதில்லை. குழந்தைப் படத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான். ஸ்கேன் செய்வதைப் பத்து நாள் தள்ளிப்போடலாம்; கேட்பதைத் தள்ளிப்போட முடியாது. “இது குப்பு பெரியம்மாதானே?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று பதில் வந்துவிடும். “இது யாரு?” என்று பரீட்சை வைப்பதுபோலவும் கேட்காதீர்கள், பெயர் வராவிட்டால் அவருக்கு வருத்தம். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, “இந்த மாதிரி மேஜை உங்க வீட்டுல இருந்ததாம்மா?” “போட்டோ புடிக்க எங்க போவீங்க?” என்று சுற்றுப்பக்கத்திலிருந்து வாருங்கள். காலையில், காபி குடித்து முடித்த நேரத்தில், கால் மணி நேரம் போதும். போனில் ரெக்கார்டைப் போட்டு மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பதிவு செய்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தவறிய குழந்தையைப் பற்றி அவர் நிறுத்திவிட்டால் நீங்களும் நிறுத்துங்கள். பாட்டி அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசவே கூடாது என்று வைத்திருந்த வீடாகவும் இருக்கலாம்.

சித்திக்கும் அதே படத்தின் பிரதியைத் தனியாக அனுப்பிக் கேளுங்கள். அம்மா சொன்னதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். இருவரும் வேறு வேறு சொன்னால் இரண்டையும் எழுதிவையுங்கள்: யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதோடு. தீர்ப்பு சொல்லும் அவசரம் வேண்டாம். எழுதுவது பென்சிலால், மெத்தென்ற 2பி அல்லது 4பி பென்சில். படத்தைச் சுத்தமான தாளின்மேல் கவிழ்த்து, பின்பக்கத்தின் ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போடும், மையும் ஊறும்.

மற்ற படங்களுக்கு வருவோம். வெளியில் எடுத்த படங்களுக்குச் சென்னையே தேதி சொல்லும். மெரினாவில் உழைப்பாளர் சிலை தெரிந்தால் 1959-க்குப் பிறகு. கண்ணகி சிலை தெரிந்தால் 1968-க்குப் பிறகு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பிர்லா கோளரங்கத்தின் முன் நிற்கும் பிள்ளைகள் 1988-க்கு முன் நின்றிருக்க முடியாது. “உயிர் காலேஜ்ல எடுத்தது” என்று அம்மா சொன்னால் அது சென்ட்ரல் பக்கமிருந்த பழைய மிருகக்காட்சிசாலை. 1985-ல் வண்டலூர் திறப்பதற்கு முந்தைய படம். பின்பக்க ரப்பர் ஸ்டாம்பில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. வெள்ளை ஓரம் வைத்த சின்னச் சதுரப் படங்கள் உங்களிடம் கட்டாயம் இருக்கும். அவை பெரும்பாலும் அக்ஃபா கிளிக் 3 மாதிரியான பெட்டிக் கேமராவில், பன்னிரண்டு படம் விழும் 120 ஃபிலிமில் எடுத்தவை. பெட்டியின் அடியில் உறைக்குள் நெகட்டிவ் கிடந்தால் படத்தைவிட அதைப் பத்திரப்படுத்துங்கள். கலர்ப் படங்கள் செக்கச் செவேலென்று ஆகியிருந்தால் பயப்பட வேண்டாம். மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் மங்கிவிட்டது, அவ்வளவுதான். ஸ்கேன் செய்தபின் பிரதியில் ஓரளவு மீட்கலாம்.

பூ ஜடை போட்ட பெண் குழந்தையைக் கண்ணாடி முன் நிறுத்தி, முகமும் பின்னலும் ஒன்றாகத் தெரிய எடுத்த படம் ஒன்றாவது அந்தப் பையில் இருக்கும் என்று நினைக்கிறேன். மல்லிகை மொட்டை வாழைநாரில் வைத்துத் தைத்த கையும், அந்த ஜடையின் பாரத்தில் கழுத்து வலித்த கதையும் இன்னும் கேட்கக் கிடைக்கும். கேட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் ஒட்டிய ஆல்பத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். நனைந்த உடனே என்றால் வழி எளிது: குளிர்ந்த சுத்தத் தண்ணீரில் போட்டு, ஓரிரு நாளுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்து, முகத்தைத் தொடாமல், மேல்நோக்கி வைத்து நிழலில் உலர்த்துவது. 2011 சுனாமிக்குப் பின் ஜப்பானின் யாமாமோட்டோ என்ற ஊரில் தன்னார்வலர்கள் சேற்றில் கிடைத்த ஏழரை லட்சம் குடும்பப் படங்களை இப்படித்தான் கழுவி உலர்த்தினார்கள். ஏராளமானவற்றை உரியவர்களிடம் திருப்பிச் சேர்க்கவும் முடிந்தது. அடையாறு 2015-ல் கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது நமக்கு உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்தது. போட்டோவைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? இப்போது அது காய்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கறுப்பு வெள்ளைப் படங்கள் மறுபடி ஊறினால் பிரியக் கூடும். ஆனால் பூசணம் தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டதும் கரைந்தே போய்விடும், கையால் வண்ணம் தீட்டிய படங்களில் சாயமும் போய்விடும். நீங்களாக முயல வேண்டாம். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் ஒருவரிடம் காட்டுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலிருந்து ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஒன்று இயங்குகிறது. அங்கே ஆலோசனை கேட்டுப் பார்க்கலாம். அதுவரை ஒரு அட்டைப் பெட்டியில், காற்றோட்டமாக இருக்கட்டும். கண்ணாடியோடு ஒட்டிய படங்களுக்கும் இதே விதி: பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் என்றால் போனில் எடுப்பது அல்ல. தட்டையான ஸ்கேனரில் 600 டிபிஐ, சின்னப் படங்களுக்கு 1200. முன்பக்கம், பின்பக்கம், அட்டை மூன்றும். டிஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு ஜேபெக். வாட்ஸ்அப்பில் போவது சுருங்கிய பிரதி, அதைச் சேமிப்பு என்று நம்ப வேண்டாம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று மகனிடம். மூன்றும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது. அசல்களைப் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். அடித்தட்டு வேண்டாம், அதை ஆறு உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. வெயில் காயும் தளத்தின் கீழிருக்கும் பரணும் வேண்டாம். பாச்சை உருண்டை போடாதீர்கள். பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள எண்பதுகளின் ஆல்பங்களிலிருந்து, எளிதாக வரும் படங்களை மட்டும் எடுத்துவிடுங்கள். வராதவற்றைப் பக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

குடும்பக் குழுவில் பகிர்வதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேல்துணி இல்லாமல் பாயில் குப்புறக் கிடக்கும் குழந்தைப் படம் ஒன்றாவது அந்தப் பையில் இருக்கும்; அந்தக் குழந்தைக்கு இன்றைக்கு ஐம்பது வயது இருக்கலாம். சம்பந்தி வீட்டாரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வீட்டைக் காலி செய்யுமுன் அம்மாவிடம் பேசத் தொடங்கிவிடுங்கள். பழகிய நாற்காலியும் பழகிய ஜன்னலும் இருக்கும்போது வயதானவர்களுக்குப் பேச்சு தானாக வரும். புது இடத்தில் முதல் சில வாரங்கள் குளியலறை எந்தப் பக்கம் என்பதிலேயே அவர் கவனம் போய்விடும். முதலில் அந்த மேஜைக் குழந்தையை எடுக்காதீர்கள். அம்மாவின் சொந்தச் சிறுவயதுப் படம் ஒன்றைக் கொடுத்து ஆரம்பியுங்கள்.